தலைவாஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்கள்

தமிழ் தலைவாஸ் தோற்ற மறுநாள் காலையில் அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு டீக்கடை ஓரமாக நின்றால் போதும், ஒரு முழு பஞ்சாயத்தையும் ஓசியில் கேட்கலாம். எதிரணி எப்படி ஆடியது என்பது அங்கே யாருக்கும் பெரிய விஷயமில்லை. "அந்தச் சின்னப் பையன முன்னாடியே இறக்கியிருக்கலாம்ல?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "இறக்கி? ரெண்டு தடவை பாடப் போயி ரெண்டு தடவையும் அவுட்டாகிட்டு வந்தானே, பாக்கலயாண்ணே?" என்று இன்னொருவர் இழுப்பார். "கடைசி அஞ்சு நிமிசத்துல இறக்கி விட்டா அவன் என்னத்தப்பா செய்வான்?" டீ ஆறிவிடும். விவாதம் ஆறாது.

சென்னையின் பேரில் ஆடுகிற ஒரு அணிக்காக இந்த வானம் பார்த்த பூமியில் இத்தனை சூடு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். காரணம் சுலபம். கிரிக்கெட்டை இங்கே எல்லோரும் பார்க்கிறார்கள். கபடியை எல்லோரும் ஆடியிருக்கிறார்கள். கண்மாய் வற்றி, பருத்தி எடுத்து முடிந்து, கருவேல விறகு வெட்டும் கரிமூட்டமும் தவிர வேறு வேலையில்லாத மாதங்கள்தான் பங்குனிப் பொங்கலும் சித்திரைத் திருவிழாவும் வருகிற மாதங்கள். அப்போது மின்னொளி கபடிப் போட்டி நடத்தாத ஊர் குறைவு. கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் என்பதால் செம்மண் அடித்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு விடிய விடிய ஆடுவார்கள். அப்படி ஆடி முட்டி தேய்ந்தவர்கள்தான் இப்போது நாற்பது வயதில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கார்னரில் நிற்கிற பையன் அரை விநாடி முந்திப் பாய்ந்துவிட்டால், "அவசரப்பட்டுட்டான்" என்று சொல்ல இவர்களுக்கு வர்ணனையாளர் தேவையில்லை.

சரி, தலைவாஸ் கதைக்கு வருவோம். புரோ கபடி லீக் 2014ல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் உள்ளே வந்தது 2017ல், ஐந்தாவது சீசனில். சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர், அஜய் தாகூர் கேப்டன் என்று கல்யாண வீடு மாதிரி களைகட்டியது. அந்த சீசனில் தங்கள் பிரிவில் கடைசி. 2018லும் தங்கள் பிரிவில் கடைசி. 2019ல் ராகுல் சவுத்ரியைக் கூட்டிவந்தார்கள். ஏற்கெனவே அஜய் தாகூர், மன்ஜீத் சில்லர் இருந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் இந்திய அணியே மஞ்சள் சட்டை போட்டது போல இருந்தது. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். 2021-22ல் பதினொன்றாவது.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு கட்சி, "பெரிய ஆளு இல்லாம கபடி ஜெயிக்க முடியாது, காசை அவுத்து வாங்கணும்" என்கிறது. இன்னொரு கட்சி, "பேரு பெத்த கிழடுகள விட்டுட்டுப் பையன்கள ஆடவிடு" என்கிறது. வேடிக்கை என்னவென்றால், கட்சிக்காரர்கள் வாரத்துக்கு வாரம் மாறிக்கொள்வார்கள். பையன் ஒரு சூப்பர் ரெய்டு போட்டால் எல்லோரும் இரண்டாவது கட்சி. அவனே அடுத்த ஆட்டத்தில் மூன்று முறை சிக்கினால், "இவனயெல்லாம் எவன்யா எடுத்தான்?"

இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு தப்பு இருக்கிறது. ஒரு இளம் வீரருக்கு வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்பதை அவர் எத்தனை ஆட்டத்தில் இறங்கினார் என்று எண்ணுகிறார்கள். "ஆறு மேட்ச் குடுத்தாச்சு, ஒண்ணும் தேறல." கபடியில் மேட்ச் என்பது அளவுகோலே கிடையாது. ரெய்டுதான் அளவுகோல்.

சாதாரண கூட்டல் கழித்தல் போதும். ஆட்டம் 40 நிமிடம். ஒரு ரெய்டுக்கு அதிகபட்சம் 30 விநாடி. உத்தேசமாக இரண்டு அணிக்கும் சேர்த்து 80 ரெய்டு, ஒரு அணிக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குப் பக்கத்தில் முதல் ரெய்டர் போவார். மிச்சத்தில் பெரும்பங்கு இரண்டாவது ரெய்டருக்கு. கடைசி ஐந்து நிமிடத்தில் மாற்று வீரராக வருகிற பையனுக்குக் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு ரெய்டு. அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்? அணி பத்து புள்ளி பின்னால் கிடக்கும்போது. எதிரணி ஏழு பேரும் நிம்மதியாகச் சங்கிலி கோத்து நிற்பார்கள். ஆறு மேட்ச் என்று சொல்லப்படுவது இப்படிப் பார்த்தால் ஏழெட்டு ரெய்டுதான். ஊர்ப் போட்டியில் ஒரே ராத்திரியில் இதைவிட அதிகமாகப் பாடிவிடுவான்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காவிட்டால் அவுட். முதல் ரெய்டரைப் பத்திரப்படுத்துவதற்காகப் பல பயிற்சியாளர்கள் அந்த மூன்றாவது ரெய்டுக்குப் பையன்களைத் தள்ளிவிடுவார்கள். தொழிலில் இருப்பதிலேயே கடினமான வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையன் தலையில் கட்டிவிட்டு, அவன் தோற்றதும் "சரக்கு இல்ல" என்று எழுதி வைப்பது என்ன நியாயம்?

ரெய்டராவது பரவாயில்லை. தடுப்பாட்டக்காரப் பையன்கள் பாடு இன்னும் மோசம். கிரிக்கெட்டில் ஒரு இளம் பேட்ஸ்மேன் டக் அவுட் ஆனால் ஒரு விக்கெட் போச்சு, அவ்வளவுதான். கபடியில் ஒரு கார்னர் அவசரப்பட்டுப் பாய்ந்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி, இவன் வெளியே, மிச்சம் ஆறு பேர் அவன் இல்லாத சங்கிலியோடு அடுத்த ரெய்டைச் சந்திக்க வேண்டும். ஒரு தப்பு மூன்று இடத்தில் பற்று எழுதப்படுகிறது. பக்கத்துக் கவர் எப்போது அசைவான், எப்போது பிடியை விடுவான் என்று உடம்புக்குத் தெரிய மாதக்கணக்கில் சேர்ந்து நிற்க வேண்டும். தடுப்பாட்டம் தனி மனிதத் திறமை கிடையாது, கூட்டுக் குடும்பம்.

இந்தக் கூட்டுக் குடும்பம் தலைவாஸில் ஒரு முறை உருவானது. 2021-22ல் அணி பதினொன்றாவது இடத்தில் முடித்ததைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதே சீசனில் சாகர் ராட்டி என்ற இளைஞர் வலது கார்னரில் நின்று 82 டேக்கிள் புள்ளி எடுத்ததை மறந்துவிட்டார்கள். தோற்றுக்கொண்டே இருந்த அணியில், தோல்விக்கு நடுவில் ஒரு தடுப்பாட்டம் முளைத்துக்கொண்டிருந்தது. அடுத்த சீசனில் சாகில் குலியா இடது கார்னரில் பழகினார். நம் தமிழ்ப் பையன் எம். அபிஷேக் கவரில் நின்றார்.

அந்த 2022 சீசன் ஆரம்பத்தில் நிர்வாகம் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கியது. அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. சீசன் முழுக்க வெளியே. டீக்கடைகளில் அன்றைக்கே சங்கு ஊதியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ரெய்டுகள் நரேந்தர் என்ற புதுப் பையன் கைக்குப் போயின. லீக்கில் அதுதான் அவருக்கு முதல் சீசன். அதில் 243 ரெய்டு புள்ளி. நடுவில் பயிற்சியாளர் ஜே. உதயகுமார் விலகி அஷன் குமார் வந்தார். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. புனேயிடம் நெருக்கத்தில் தோற்றது.

இதுவரையிலான தலைவாஸ் வரலாற்றில் மெச்சிக்கொள்ளும்படியான ஒரே சீசன் அது. அது திட்டமிட்டு வந்ததில்லை, ஒரு முழங்கால் காயத்தால் வந்தது. பவன் நல்லபடியாக ஆடியிருந்தால் நரேந்தருக்கு எத்தனை ரெய்டு கிடைத்திருக்கும்? மூன்றாவது ரெய்டராக 'டூ ஆர் டை'க்குப் போய், நான்கு முறை சிக்கி, "தேறமாட்டான்" என்ற பட்டியலில் சேர்ந்திருக்கலாம். பவனைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவருடைய கதையே இதற்கு முதல் சாட்சி. 2017ல் அவர் குஜராத் அணியில் பெரும்பாலும் பெஞ்ச் ஆசாமி. அடுத்த சீசனில் பெங்களூரு புல்ஸ் முதல் ரெய்டர் வேலையை அவரிடம் கொடுத்தது. 271 ரெய்டு புள்ளி, 2019 ஜனவரியில் நடந்த இறுதியாட்டத்தில் மட்டும் 22, கோப்பை. ஒரே வருடத்தில் கால் நீளமாகிவிடுமா என்ன? மாறியது ரெய்டு எண்ணிக்கை. பர்தீப் நர்வாலும் அப்படித்தான். 2015ல் பெங்களூருவில் அவரை யாரும் கவனிக்கவில்லை, பாட்னா போனபின் ஒரே சீசனில் 369 ரெய்டு புள்ளி வரை போனார்.

தலைவாஸ் வாங்கிய பெரிய பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு தெரியும். ராகுல் சவுத்ரி தெலுங்கு டைட்டன்ஸ் வளர்த்தவர். பவன் பெங்களூரு வளர்த்தவர். 2024ல் 2 கோடியே 15 லட்சத்துக்கு வாங்கிய சச்சின் தன்வர் குஜராத்தில் சின்னப் பையனாக ஆட ஆரம்பித்தவர். 2025ல் வந்த அர்ஜுன் தேஷ்வால் ஜெய்ப்பூரில் பெரிய ஆள் ஆனவர். அவர்கள் தப்பு செய்து கற்றுக்கொண்ட ரெய்டுகளுக்கான நஷ்டத்தை வேறு அணிகள் தாங்கின. தலைவாஸ் விலை உச்சத்தில் இருக்கும்போது சரக்கு எடுத்தது. இயந்திரத்தைப் புது விலையைவிட அதிகமாகக் கொடுத்து பழசாக வாங்கி, மறு வருடமே தேய்மானம் எழுதுகிற கம்பெனி மாதிரி! 2023-24ல் ஒன்பதாவது இடம், 2024ல் ஒன்பதாவது இடம். 2025ல் கேப்டனாகத் திரும்பி வந்த பவனை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி நிர்வாகம் பாதி சீசனில் வீட்டுக்கு அனுப்பியது; அவர் குற்றச்சாட்டை மறுத்தார். பிளே-ஆப் இல்லை. இதற்கிடையில் 2022லிருந்து 2025க்குள் பயிற்சியாளர் நாற்காலி உதயகுமார், அஷன் குமார், மறுபடி உதயகுமார், சஞ்சீவ் பலியான் என்று கைமாறியது. கூட்டுக் குடும்பத்தில் தலைக்கட்டு வருடா வருடம் மாறினால் குடும்பம் என்னாகும்?

"அப்ப எல்லாரும் வாங்கத்தானே செய்றாய்ங்க?" என்று முதல் கட்சி கேட்கும். நியாயமான கேள்வி. 2023 ஏலத்தில் புனே 2 கோடியே 35 லட்சத்துக்கு ஈரானின் ஷாட்லுவை வாங்கி அந்த சீசனில் கோப்பையும் எடுத்தது. ஆனால் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதே என்று ஏற்கெனவே சேர்ந்து பழகிவிட்ட ஒரு இளவட்டத்துக்கு நடுவில். 2022ல் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றவர்கள் அவர்கள். தோற்றதற்காக யாரும் கூட்டத்தைக் கலைக்கவில்லை. 2024ல் சறுக்கினார்கள், அப்போதும் மொத்தமாகக் கலைக்கவில்லை. 2025ல் அதே அஸ்லாம் தலைமையில் மறுபடி இறுதியாட்டம். அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? தலைவாஸின் முதல் கேப்டன் அஜய் தாகூர்! (இதைச் சொன்னால் டீக்கடையில் ஒரு நிமிடம் அமைதி நிலவும்.)

பாட்னா கதை இன்னும் சுவாரசியம். 2024ல் தேவாங்க் தலால் 301 ரெய்டு புள்ளி எடுத்தார். மறுவருடம் 2 கோடிக்கு மேல் விலைக்கு பெங்கால் அணிக்குப் போய்விட்டார். பாட்னாவில் பஞ்சம் வரவில்லை, ஏனென்றால் அவர் பக்கத்திலேயே அயான் லோச்சாப் என்ற பையனுக்கும் முந்தைய சீசன் முழுக்க ரெய்டு கொடுத்து வைத்திருந்தார்கள். 2025ல் பாட்னா தட்டுத் தடுமாறி பிளே-ஆப் போனது. பெரிய விலை கொடுத்த பெங்கால் போகவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மூன்றாவது கட்சி இருக்கிறது. சத்தம் குறைவு, ஆனால் வலி அதிகம். "நரேந்தரும் அரியானா, சாகரும் அரியானா. சின்னப் பையன், சின்னப் பையன்னு பேசுறீங்களே, நம்ம பையன் எங்கப்பா?" என்பது அவர்கள் கேள்வி. இளைஞர்களை வளர்ப்பது வேறு, உள்ளூர்க்காரனை வளர்ப்பது வேறு. தலைவாஸ் விவாதத்தில் இரண்டும் எப்போதும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

தமிழ்நாட்டில் ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். அவர் வாழ்க்கையின் தாக்கத்தில்தான் 2025ல் 'பைசன்' படம் வந்தது. தர்மராஜ் சேரலாதன் பாட்னாவில் கேப்டனாக இருந்து கோப்பை வென்றவர். கே. பிரபஞ்சன் 2017ல் தலைவாஸில் நன்றாக ஆடி, மறு வருடமே குஜராத் போய் அந்த அணி இறுதியாட்டம் போக உதவினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள்.

அந்த வரிசையில் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துப் பையன்கள் ஏன் நிற்பதில்லை? இங்கே எல்லாமே மண் தரை. லீக்கில் மேட்; ஷூ போட்டு ஆட வேண்டும். வெறுங்காலில் மண்ணைப் பிடித்துத் திரும்பிப் பழகியவனுக்கு மேட்டில் முதல் மாதம் கால் வைக்கவே வராது. ஊர்ப் போட்டிகள் பலவும் கிலோ கணக்கில் நடக்கும். எடை குறைந்த பிரிவில் ஆடுவதற்காகப் பட்டினி கிடந்து எடையை இறக்குகிற பையன்கள் உண்டு. லீக்கிலோ எண்பது கிலோ உடம்போடு வந்து மோதுவார்கள். இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை: பல இடங்களில் ஊர் டீம் என்பது தெரு டீம். எந்தத் தெருப் பையன் எந்த சட்டையைப் போடலாம் என்பதை ஆட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே வயிற்றுப்பாடு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். மின்னொளிப் போட்டியில் வாங்கி வீட்டுப் பரணில் அடுக்கியிருக்கிற இருபது கோப்பையும் அதில் ஒரு வரியாகக்கூட ஏறாது. ஆக, இருபது வயது வரை ஊருக்காகப் பாடியவன் இருபத்தொன்றில் மில்லுக்கோ திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறான். தேறுவானா மாட்டானா என்று பார்ப்பதற்கு முன்பே ஆட்டத்தை விட்டுவிடுகிறான். தலைவாஸ் பெஞ்சில் இருக்கிற பையனுக்காவது ஏழெட்டு ரெய்டு கிடைக்கிறது.

இதற்கு வழி என்ன என்று கேட்டால் மூன்றாவது கட்சிக்காரர்களிடம் ஒரு பதில் இருக்கிறது, அது அவ்வளவு தப்பான பதிலும் இல்லை. சமீப ஏலங்களில் ஏ பிரிவு வீரர் ஒருவரின் ஆரம்ப விலையே 30 லட்சம். ஒரு மேட்டின் விலை அதில் சிறு பங்குதான். அருப்புக்கோட்டையில் ஒரு கூரையின் கீழ் ஒரு மேட் விரித்து, பங்குனியில் நடக்கிற போட்டிகளுக்கு அணி நிர்வாகம் இரண்டு ஆட்களை அனுப்பி, பதினாறு பதினேழு வயதில் நன்றாகப் பாடுகிற பத்துப் பையன்களைப் பொறுக்கி, இரண்டு வருடம் முட்டையும் பாலும் போட்டு, தோற்றாலும் திட்டாமல் வைத்திருந்தால், பத்தில் ஒருவன் தேறுவான். மிச்சம் ஒன்பது பேருக்குச் சான்றிதழ் கிடைக்கிற போட்டிகளிலாவது ஆட வழி கிடைக்கும். அணிக்கும் இது நஷ்டக் கணக்கு இல்லை. இரண்டு கோடிக்கு வாங்கி ஒன்பதாவது இடத்தில் முடிப்பதைவிட மலிவுதான்.

"அதுக்கு அவிய்ங்க மொதல்ல மதுரைய தாண்டி வரணுமேண்ணே" என்பான் டீ ஆத்துகிறவன். அவனும் ஒரு காலத்தில் லெஃப்ட் கார்னர்.